‘பிறகு பார்ப்பம்’ தாள்

அம்புக்குறி கீறுவதுதான் என் தொழில் என்றால் யாரும் நம்புவதில்லை. கொஞ்சம் விளக்கமாகச் சொல்வதென்றால், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் திட்டங்கள் உருப்பட்டனவா இல்லையா என்று பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பவள் நான். திட்டம் தொடங்கும்போதே ஒரு படம் கீறிக் கொடுப்பதும் உண்டு. அதற்கு ‘மாற்றக் கோட்பாடு’ என்று பெரிய பெயர். கடைசியில் என்ன நடக்க வேண்டும் என்பதை முதலில் ஒரு பெட்டிக்குள் எழுதவேண்டும். அது நடப்பதற்கு முன் என்ன நடக்கவேண்டும், அதற்கும் முன் என்ன என்று பின்னோக்கி வந்து, பெட்டிகளை அம்புகளால் இணைக்கவேண்டும். ஒவ்வோர் அம்பின் கீழும், அந்த அம்பு வேலை செய்யும் என்று எதை வைத்து நம்புகிறோம் என்பதைச் சின்ன எழுத்தில் எழுதவேண்டும். அந்தச் சின்ன எழுத்தை யாரும் வாசிப்பதில்லை. பல நாள் நானும் வாசித்ததில்லை.

நெடுந்தீவுக்கான படத்தை அங்கே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்துக் கீறினேன். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் போகும்போதே இரண்டு தரம் வாந்தி. கூட்டத்தின் தொடக்கத்தில், “நானும் ஒரு தீவாள்தான்” என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டேன். வேலணைத் தீவில் பிறந்தவள் என்பதால் அது பொய்யில்லை. ஆனால் வேலணைக்குத் தெரு உண்டு, பாலம் உண்டு, பஸ் உண்டு. எங்கள் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு நொந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. அதைக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை.

திட்டம் நல்ல திட்டம். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஓர் அவசரப் படகு. தீவில் ஆஸ்பத்திரி இருந்தாலும் சிக்கலான பிரசவமென்றால் யாழ்ப்பாணத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே கடைசிப் பெட்டியில் ‘பிரசவத்தில் தாயும் பிள்ளையும் சாகாத தீவு’ என்று எழுதினேன். அதற்கு முந்திய பெட்டி, ‘உரிய நேரத்தில் அக்கரை ஆஸ்பத்திரி’. அதற்கு முன், ‘படகு எந்த நேரமும் தயார்’. எல்லாவற்றுக்கும் முன், ‘ஆபத்து அறிகுறிகளைக் குடும்பத்தவர் அறிவர்’. அதற்கென்று படம் போட்ட அட்டை ஒன்றும் அச்சடிக்கவிருந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். எங்கள் ஆட்கள் கூட்டங்களில் நன்றாகத் தலையாட்டுவார்கள். வந்தவர்களின் மனம் நோகக் கூடாது, படகும் கிடைக்க வேண்டும்.

அப்போதுதான், தேத்தண்ணி கொண்டுவந்த ஒரு பெண் தட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, அங்காலை ஆரும் இல்லாத ஆக்கள் என்ன செய்யிறது?”

கலியாணம் கட்டிக் கொஞ்சக் காலம்தான் ஆகியிருக்கும், தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் தெரிந்தது. முன்வரிசையில் இருந்த ஊர்ச் சங்கத் தலைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “அங்காலை ஆரும் இல்லாத ஆக்களும் இஞ்சை இருக்கினமோ, பிள்ளை?” மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அக்கரை ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்பதைப் பற்றிக் கேட்கிறாள் என்று நான் நினைத்தேன். கடைசிப் படகுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இப்படிக் குறுக்கே வரும் கேள்விகளுக்கென்று எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. சுவரின் ஓரத்தில் தனியாக ஒரு தாளை ஒட்டி, அதற்கு மேலே ‘பிறகு பார்ப்பம்’ என்று எழுதி வைப்போம். கேள்வியை ஒரு மஞ்சள் துண்டில் எழுதி, கேட்டவர் கண்முன்னே அதில் ஒட்டிவிட்டால் அவருக்கும் மரியாதை, எங்களுக்கும் நிம்மதி. அவளுடைய கேள்வியை என் கையாலேயே எழுதி ஒட்டினேன். “நல்ல கேள்வி தங்கச்சி” என்றும் சொன்னேன். அவள் வெறும் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள். போகுமுன் தாள்களையெல்லாம் ஒரே சுருளாகச் சுருட்டி றப்பர் பாண்ட் போட்டுக்கொண்டேன்.

திட்டம் முடிந்ததும் அதை மதிப்பிட என்னையே கூப்பிட்டார்கள். பரீட்சை எழுதியவளையே பேப்பரும் திருத்தச் சொன்னதுபோலத்தான். இந்த வேலைக்குத் தமிழ் ஆள் கிடைப்பது கஷ்டம் என்றார்கள். நானும் மறுக்கவில்லை. என் படம் வேலை செய்ததா என்று பார்க்க எனக்கு ஆசை இருந்தது. அந்த ஆசையைச் சொல்லாமல் மறைத்தால் இதை எழுதிப் பயனில்லை.

பங்குனியில் போனேன். கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. அந்தப் படகிலேயே போனோம். ஓட்டி அதை முகம் பார்க்கலாம் போலத் துடைத்து வைத்திருந்தார். திட்ட அலுவலர் வழிநெடுக ஒரே பேச்சு. “மிஸ், இவ்வளவு காலத்திலை தீவிலை ஒரு பிரசவச் சாவும் இல்லை. ஒண்டுகூட இல்லை.” என் கடைசிப் பெட்டி நிறைந்துவிட்டது. எனக்கும் வயிறு குளிர்ந்தது.

இறங்குதுறையில் பயணப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். பாம்பு கடித்த ஒருவர், பனையிலிருந்து விழுந்த ஒருவர், நிறுவனத்துக்கு வந்த விருந்தினர்கள், அதற்குப் பிறகும் விருந்தினர்கள். கர்ப்பிணிகளைக் காணவில்லை. பக்கம் பக்கமாகத் தேடி, ஒரே ஒருத்தியைத்தான் கண்டேன். அவளைத் தவிரப் படகு கர்ப்பிணிகளை ஏற்றவே இல்லை, ஆனால் ஒருவரும் சாகவும் இல்லை. படகுப் பெட்டியும் கடைசிப் பெட்டியும் தலைமாடும் கால்மாடும்போலச் சரியாகத்தான் கிடந்தன. நடுவில் இருந்த அம்பைத்தான் காணோம்.

தீவில் பிரசவம் பார்க்கும் மிட்வைவ் அக்காவிடம் போனேன். சைக்கிளில் தீவு முழுக்கச் சுற்றுகிறவர், தேவைக்கு மேல் பேசமாட்டார். தாய்மார் எல்லோரும் எங்கே என்று கேட்டேன். என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

“ஒன்பதாம் மாசம் பிறக்க முந்தியே அங்காலை போயிடுவினம். யாழ்ப்பாணத்திலை சொந்தக்காரர் வீட்டிலை நிண்டு பெத்துக்கொண்டு வருவினம். என்ரை அம்மாவும் அப்பிடித்தான் பெத்தவ.”

“அப்ப படகு?”

“படகு நல்ல படகு. ஆனால் வயித்துப் பிள்ளையோடை ஆர் காத்தை நம்பிக் கொண்டு இருப்பினம்?”

“ஏன் அண்டைக்குக் கூட்டத்திலை ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே” என்றார்.

சோறு தின்னக் கை கழுவுவோம் என்று யாரும் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வதில்லை. அவர்களுக்கு இது அவ்வளவு சாதாரணம். தீவைக் காப்பாற்றியது படகு அல்ல. படகை நம்பாமல் ஒரு மாதம் முந்தியே புறப்பட்டுப் போன பெண்களும், அவர்களுக்குப் பாய் விரித்த அக்கரை வீடுகளும்தான். அந்த வீடுகளுக்கு என் படத்தில் ஒரு பெட்டியும் இல்லை. எனக்கு உடம்பு முழுக்கக் கூசியது. அதோடு, இதைக் கண்டுபிடித்தேனே என்ற சந்தோஷமும் ஒரு மூலையில் இருந்தது. எங்கள் தொழிலின் கேடு அது.

“போகாமல் நிண்ட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?” என்று கேட்டேன்.

“ஒருத்தி” என்றார். பதிவேட்டில் கண்ட அந்த ஒருத்தி.

அவளுடைய வீட்டுக்குக் கல்வேலிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நடந்தேன். முற்றத்தில் இரண்டு மாடுகள் நின்றன. வேலியில் வலை காய்ந்துகொண்டிருந்தது. வெளியே வந்தவளைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தேத்தண்ணித் தட்டத்தோடு கேள்வி கேட்டவள். இப்போது வயிறு மேடிட்டிருந்தது.

பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்து எனக்குப் போட்டுவிட்டு, தான் குசினி வாசற்படியில் இருந்துகொண்டாள். கதையை அழாமல், வரிசையாக, கிளினிக்கில் சொல்வதுபோலச் சொன்னாள். தகப்பன் வீடு தீவில் நிலம்புலம் உள்ள சைவக் குடும்பம். அவள் விரும்பிக் கட்டியவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், கடலுக்குப் போகிறவர். தாலி ஏறிய அன்றைக்கே வீட்டுக் கதவு மூடிவிட்டது. யாழ்ப்பாணத்தில் சொந்த அக்காவின் வீடு இருக்கிறது. அந்த ஒழுங்கையைச் சொன்னாள். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

“முதற்பிள்ளைக்கு எட்டாம் மாசம் அக்காவுக்குப் போன் எடுத்தனான். அத்தான் எடுத்தவர். பிழையான நம்பர் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டார்.”

புருசனின் ஆட்களும் தீவோடு சரி, அக்கரையில் யாருமில்லை. ஆகவே வீட்டிலேயே இருந்தாள். அட்டையில் இருந்த அறிகுறிகள் அவளுக்குப் பாடம். காலையில் இரத்தம் கண்டதும், திட்டத்துக்கென்று ஊரில் இருந்த தொண்டருக்குச் சொன்னாள். தொண்டர் உடனே ஓட்டிக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்திலேயே ஓட்டி துறையில் எஞ்சினைப் போட்டுவிட்டு நின்றார். என் படத்தில் இருந்த ஒவ்வொரு பெட்டியும் ஒழுங்காக நடந்தது. சோளகக் காற்று மட்டும் மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்தது.

“இரண்டு தரம் வெளிக்கிட்டுத் திரும்பினவை. அந்த அண்ணையிலை ஒரு பிழையும் இல்லை. பின்னேரம் காத்துக் கொஞ்சம் விழத்தான் போய்ச் சேர்ந்தனாங்கள். ஆம்பிளைப் பிள்ளை. சத்தம் இல்லை.”

பதிவு யாழ்ப்பாணத்தில் நடந்ததால் தீவின் கணக்கில் அது வரவில்லை. ஒரு சாவும் இல்லை என்று அலுவலர் சொன்னதும் பொய்யில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது. ஆள்தான் அகப்படவில்லை.

“இது எப்ப?” என்று வயிற்றைக் காட்டிக் கேட்டேன்.

“ஆடிக்குள்ளை. திரும்பவும் சோளகத்துக்குள்ளைதான்.” வலைப்பக்கம் போன மாட்டை அதட்டி விரட்டினாள். “அக்கா, நீங்கள் அண்டைக்குக் கீறின படத்திலை இன்னுமொரு பெட்டி போடலாமோ? அங்காலை ஒரு மாசம் இருக்க ஓர் அறை. எனக்கு மட்டுமெண்டில்லை. என்னைப்போல இன்னும் வரும்.”

“கட்டாயம் எழுதுவன்” என்றேன். அவள் கண்முன்னேயே குறிப்புப் புத்தகத்தில் ‘பரிந்துரை ஒன்று: அக்கரையில் தங்குமிடம்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். என் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள அட்டையைக் கொடுத்தேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். இந்தத் தொழிலில் அப்படி ஒரு முகத்தை அடிக்கடி பார்ப்பதில்லை, அதனால் எனக்கும் நன்றாக இருந்தது.

திரும்பி வரும்போது, நடுக்கடலில் அந்த யோசனை எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். யாழ்ப்பாணத்தில் என் வீட்டில் நான் தனி ஆள். பின்பக்கத்து அறை தம்பியுடையது. அவன் கனடாவுக்குப் போன நாளிலிருந்து அது பூட்டித்தான் கிடக்கிறது. உள்ளே ஒரு கட்டில், அலுமாரி, அவனுடைய கரம் போட். ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் பத்து நிமிடம். யோசனை வந்த வேகத்திலேயே அதற்கு எதிரான நியாயங்களும் வரிசையாக வந்தன. மதிப்பிட வந்தவள் விலகி நிற்க வேண்டும். ஒருத்திக்குச் செய்தால் மற்றவர்களுக்கு? என் வீட்டில் வைத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? அவளுடைய அக்கா குடும்பம் கூப்பிடு தூரத்தில், நாளைக்குத் தெருவில் முகம் பார்க்க வேண்டாமா? தம்பியிடம் கேட்கவேண்டும், அறையில் கறையான், கூரை ஒழுக்கு. குறிகட்டுவானில் கால் வைத்தபோது நான் முழு நியாயவாதி.

அறிக்கையை மட்டும் நேர்மையாக எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அதுதான் நல்ல அறிக்கை. படகால் தாய்மார் காப்பாற்றப்பட்டார்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்றும், காப்பாற்றியது முந்திப் போகும் வழக்கம் என்றும், போக இடமில்லாதவர்களைத் திட்டம் காணவில்லை என்றும், முதற் படத்தைக் கீறிய எனக்கும் அதில் பங்குண்டு என்றும் எழுதினேன். பரிந்துரை ஒன்று, தங்குமிடம். கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்தேன்.

வைகாசியில் கணினித் திரையில் கூட்டம். பணம் கொடுத்த நாட்டிலிருந்து இரண்டு பேர், நிறுவனத்திலிருந்து மூன்று பேர், நான். மிகத் தெளிவான அறிக்கை என்று பாராட்டினார்கள். படகுக்குப் பலன் இல்லை என்பது தெளிவாகிவிட்டதால் அதை வேறு மாவட்டத்துக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள்.

“தங்குமிடம்?” என்றேன்.

அது இந்தத் திட்டத்தின் எல்லைக்குள் வராது என்றும், வருங்காலத்தில் கவனத்தில் எடுக்கலாம் என்றும் பதில் வந்தது. யாரோ அதைக் குறித்தும் கொண்டார்கள். அவர்களிடமும் சுவரின் ஓரத்தில் ஒரு தாள் இருந்திருக்க வேண்டும்.

நான் சண்டை பிடித்தேன். இரண்டு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டாவதுக்குப் பதில் வரவில்லை. பிறகு மன்னாரில் ஒரு கோழி வளர்ப்புத் திட்டம் வந்தது. அதற்குப் படம் கீறப் போனேன்.

நான் மற்றவர்களுடைய அம்புகளைத் தட்டிப் பார்க்கிறவள். என் அறிக்கையே ஓர் அம்பு என்பது எனக்குத் தோன்றவில்லை. நான் எழுதுவேன், அவர்கள் வாசிப்பார்கள், வெட்கப்படுவார்கள், அறை வரும். அந்த அம்பின் கீழே நான் ஓர் எழுத்தும் எழுதவில்லை. அங்கே கல்வேலிக்குள் இருந்தவள் அந்த அம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள் என்பதும் எனக்குத் தெரியாது. அறை வராது என்று அவளுக்கு யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்க வேண்டியவள் நான்தான். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று ஒரு நாள், நாளைக்குச் சொல்வோம் என்று மறுநாள், அப்படியே மாதம் போயிற்று.

ஆடியில் ஒரு காலை, முன்வாசல் கூட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. தெரியாத எண். ஆண் குரல், பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

“அக்கா, நெடுந்தீவிலை இருந்து. உங்கடை கார்ட்டிலை நம்பர் இருந்தது. மனிசிக்கு ஆஸ்பத்திரியிலை துண்டு வெட்டி வீட்டை போகச் சொல்லிப்போட்டினம். காத்து எண்டு படகு ஓடேல்லை. இரண்டு நாளைக்கு இருக்க ஓரிடம் உங்களுக்குத் தெரியுமோ?”

“பிள்ளை?” என்று கேட்டேன்.

“இல்லை அக்கா” என்றார்.

ஓட்டோ வந்து நின்றபோது நான் பின்னறையைத் திறந்து கூட்டித் துடைத்திருந்தேன். பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது. கறையான் இருக்கவில்லை. கூரையும் ஒழுகவில்லை. தம்பியின் சாமான்களை ஒரு மூலைக்குத் தள்ளுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. துவைத்த விரிப்பு போட்டு, ஒரு சுடுதண்ணிப் போத்தலும் வைத்தேன். இவ்வளவுதான் வேலை.

அவளை அறைக்குள் விட்டுவிட்டு, புருசன் விறாந்தையில் நின்றபடியே சொன்னார். குற்றம் சொல்லும் குரலே இல்லை. “மீன் எடுக்கிற முதலாளி ஒராள் இஞ்சை தன்ரை வீட்டுத் தாழ்வாரத்திலை வந்து இருக்கச் சொன்னவர். இவதான் வேண்டாமெண்டவ. ‘அந்த அக்கா எழுதினவ, அறை வரும், ஆம்பிளையள் இருக்கிற இடத்திலை நான் எப்பிடி இருக்கிறது’ எண்டு. பிறகு காத்துத் துவங்கீட்டுது. திட்டப் படகையும் கொண்டுபோயிட்டினம். மீன்பிடி வள்ளத்திலைதான் ஏத்தினனாங்கள்.”

தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் ஓம் என்றார். குசினிக்குள் போய், தண்ணீர் கொதித்து முடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகையிலும் என்மேல் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. அழவேண்டியவள் உள்ளே அழாமல் இருக்கிறாள்.

அவர் மருந்து வாங்கப் போன பிறகு தேத்தண்ணியை அவளிடம் கொண்டுபோனேன். கட்டில் விளிம்பில் இருந்தாள். சட்டையின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. தட்டம் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவள் கோப்பையை எடுக்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், அலுமாரி, சுவரோடு சாத்திய கரம் போட், வேம்பு தெரியும் ஜன்னல்.

“அக்கா,” என்றாள், “நீங்கள் பங்குனியிலை எங்கடை வீட்டை வரேக்கையும் இந்த அறை இப்பிடித்தான் இருந்ததோ?”

“ஓம்” என்றேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காற்று விழ நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அவள் என்னோடு பேசவில்லை. போகும்போது விரிப்பைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டுப் போனாள்.